கணிப்பொறியில் களையெடுப்பு

உழவுத் தொழிலில் பழகியோர் கோரைப்புல்லின் இயல்பை நன்கு அறிவர். மேலே அறுத்தெறிந்தால் நிலம் தூய்மையாகத் தோன்றும். ஆயினும் மண்ணுக்குள் கிழங்கு உள்ளவரை அது மீண்டும் தழைக்கும். அலுவலகக் கணிப்பொறியிலிருந்து நீக்கப்படும் மென்பொருள்களும் பெரும்பாலும் இத்தன்மையனவே.

ஆவடி, அண்ணனூர்ச் சுற்றுவட்டாரத்து ஊராட்சிகளாயினும், தொலைவிலுள்ள சிற்றூர்களாயினும், 2020 ஏப்ரல் 24ஆம் நாள் தொடங்கப்பெற்ற இ-கிராம் ஸ்வராஜ் தளத்திலேயே கணக்குகளைப் பதிகின்றன. நிதிக்குழு மானியத்திலிருந்து பணம் வழங்குவதற்கு மின்னணுக் கையொப்பம் வேண்டும். அக்கையொப்பக் கருவிக்குரிய பழைய மென்பொருளின் மிச்சம் புதியதைத் தடுக்குமாயின், வேலை முடித்தவருக்குப் பணம் சேர்வது தாமதமாகும். பழுது பார்க்க வந்தவர் தொலைவிலிருந்து இயக்கும் செயலியை நிறுவிவிட்டுச் சென்றிருப்பின், அது திறந்து கிடக்கும் கொல்லைக் கதவுக்கு ஒப்பாகும். ஆதலின் இது பொதுப்பணத்தின் பாதுகாப்பைச் சார்ந்த காரியமாகும்.

மிச்சம் எங்கே தங்குகிறது?

திரையிலுள்ள சின்னத்தை அழிப்பது மென்பொருளை நீக்குவதாகாது. அது குறுக்குவழி மட்டுமே. விண்டோஸ் அமைப்பில் ‘செட்டிங்ஸ்’ பகுதிக்குச் சென்று முறைப்படி நீக்கினாலும், சில கோப்புறைகள், தானே தொடங்கும் பணிகள், ‘ரெஜிஸ்ட்ரி’ எனப்படும் உட்பதிவேட்டின் குறிப்புகள் ஆகியவை எஞ்சக்கூடும். இவற்றைத் தேடிக் காட்டுவதற்கு ரெவோ அன்இன்ஸ்டாலர், கீக் அன்இன்ஸ்டாலர் ஆகியவற்றின் இலவசப் பதிப்புகளும், திறந்த மூலநிரலான பல்க் கிராப் அன்இன்ஸ்டாலரும் உள்ளன. இலவசம் என்பது வீட்டுக்கு மட்டுமா, அலுவலகத்துக்குமா என்பதை உரிம விதிகளில் முன்னரே பார்த்துக்கொள்க. வைரஸ் தடுப்பு மென்பொருளை நீக்குவதற்கு நார்ட்டன், மெக்காஃபி, காஸ்பர்ஸ்கி முதலிய நிறுவனங்கள் தத்தம் நீக்கற் கருவிகளை இலவசமாகவே தருகின்றன.

செய்யும் முறை

1. அலுவலகக் கணிப்பொறியாயின், உரிய அலுவலரின் ஒப்புதலைப் பெறுக. கணக்குக் கோப்புகளை வேறொரு வட்டில் படியெடுத்து, அப்படி திறக்கின்றதா எனச் சரிபார்க்க.
2. பழைய நிலைக்குத் திரும்ப உதவும் ‘ரீஸ்டோர் பாயின்ட்’ ஒன்றை அமைக்க.
3. முதலில் மென்பொருளின் சொந்த நீக்கும் வசதியைப் பயன்படுத்துக. பின்னர்க் கணிப்பொறியை நிறுத்தி மீண்டும் தொடங்குக.
4. அதன் பிறகு இலவசக் கருவியால் மிச்சங்களைத் தேடுக. கருவி காட்டும் பட்டியலை வரிவரியாகப் படித்து, நீக்கிய மென்பொருளின் பெயர் தெளிவாக உள்ளவற்றை மட்டுமே அழிக்க. ஐயமுள்ளதை விட்டுவிடுக.
5. மீண்டும் தொடங்கி, அச்சுப்பொறி, கையொப்பக் கருவி, கணக்குத் தளம் ஆகியவை இயங்குகின்றனவா எனப் பார்க்க. நீக்கியதன் பெயரையும் நாளையும் பதிவேட்டில் எழுதிவைக்க.

சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் உள்ள கணிப்பொறிகளுக்குத் தனிக் கருவி வேண்டியதில்லை. ‘ரிமூவ்’ என்னும் கட்டளை மென்பொருளை நீக்கினாலும் அதன் பொது அமைப்புக் கோப்புகளை விட்டுவைக்கும். ‘பர்ஜ்’ என்னும் கட்டளை அவற்றையும் நீக்கும். பயனரின் சொந்தக் கோப்புறையிலுள்ளவற்றை இரண்டுமே தொடுவதில்லை.

எச்சரிக்கை

களைக்கொல்லியே பயிரைக் கருக்குவதும் உண்டு. 2017இல் கணிப்பொறியைத் தூய்மை செய்யும் புகழ்பெற்ற சிகிளீனர் என்னும் கருவியின் 5.33 பதிப்பில் தீயோர் தீநிரலைப் புகுத்திவிட்டனர், ஏறத்தாழ 22.7 இலட்சம் கணிப்பொறிகளில் அப்பதிப்பு நிறுவப்பட்டிருந்தது. அதுவும் அந்நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்தே பரவியது. எனவே கருவியை உரிய தளத்திலிருந்தே பெறுவதோடு, தேவையானபோது மட்டும் வைத்திருந்து, வேலை முடிந்ததும் அதனையும் நீக்கிவிடுவதே நலம். தீநிரல் புகுந்த ஐயம் எழுமாயின், மத்திய அரசு 2017இல் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திரத்தின் தளத்தில் இலவச நீக்கற் கருவிகள் கிடைக்கும்.

உட்பதிவேட்டில் எஞ்சிய சில வரிகளால் பெரும்பாலும் தீங்கில்லை. கணிப்பொறியின் வேகமும் அவற்றால் குறைவதில்லை. தானே இயங்கும் பணியும், வெளியாருக்கு வழிதிறக்கும் செயலியும், புதியதைத் தடுக்கும் மிச்சமுமே களையத்தக்கன. ஊராட்சியின் கணக்குகளும் தீர்மானங்களும் மென்பொருளைச் சார்ந்தவையல்ல. அவை மக்களின் ஆவணங்கள். களையெடுக்கும் கை அவற்றைத் தொடாதிருத்தல் வேண்டும். அடுத்த மன்றக் கூட்டத்திற்கு முன்னரே, உறுப்பினர்கள் தம் அலுவலகக் கணிப்பொறியில் உள்ள மென்பொருள்களின் பட்டியலைக் கேட்டுப் பெற்று, ஒவ்வொன்றும் யாரால் எதற்காக நிறுவப்பட்டது என வினவுவார்களாக.