ஓடுவது காலா, மனமா?



இந்த இதழின் பாடம் விளையாட்டைப் பற்றியது. "விளையாட்டு சோறு போடுமா?" என்று கேட்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர். அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. விடியுமுன் பிரட்டுக்களத்துக்குப் போய், முழுப் பேருக்குக் கொழுந்து எடுத்து, மாலையில் லயத்துக்குத் திரும்பி அடுப்பு மூட்டும் தாய்க்கு, பிள்ளை பந்தின் பின்னால் ஓடுவது வீண் வேலையாகத்தான் தெரியும்.

ஆனால் இன்னொரு காட்சியையும் நாம் பார்க்கிறோம். பாடசாலை விளையாட்டுப் போட்டியில் ஒரு பிள்ளை கடைசியாக வருகிறது. நாலு பேர் சிரிக்கிறார்கள். வீட்டிலும் "உனக்கு எதுக்கு இந்த வேலை?" என்ற பேச்சு. அடுத்த வருடம் அந்தப் பிள்ளை மைதானத்துப் பக்கமே போவதில்லை. "எனக்கு ஏலாது" என்ற சொல் அன்று மனதில் விழுகிறது. பிறகு அதே சொல் கணக்குப் பாடத்துக்கும், சாதாரண தரப் பரீட்சைக்கும், வேலைக்கு மனுப் போடுவதற்கும் வந்துவிடுகிறது. ஆகவே இந்தப் பாடத்தில் நாம் பேசப்போவது பதக்கத்தைப் பற்றி மட்டுமல்ல. அந்த "ஏலாது" என்ற சொல்லை எப்படித் துரத்துவது என்பதைப் பற்றியும்தான்.

1. மலையும் மணலும்

நாங்கள் இதை எழுதுவது அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்தில், திருக்கோவிலை அடுத்த வினாயகபுரத்திலிருந்து. இங்கே மலை கிடையாது. கண்ணுக்கு எட்டிய தூரம் கடலும் மணலும்தான். இங்குள்ள பிள்ளைகள் மணலில் ஓடிப் பழகுகிறார்கள். உங்கள் பிள்ளைகளுக்கோ ஏற்றமும் படிக்கட்டும் தேயிலை மலையின் குறுக்குப் பாதையும்.

இரண்டுமே நல்ல பயிற்சிக்களம்தான். மணலில் கால் புதைகிறது. அதனால் கெட்டித் தரையில் ஓடுவதைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு சக்தி செலவாகிறது. ஏற்றத்தில் ஓடும்போது தொடையும் கெண்டைக்காலும் உரம் பெறுகின்றன, மூச்சும் பெருகுகிறது. கோடி ரூபாய் செலவழித்துக் கட்டிய மைதானம் இல்லையே என்று உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

கென்யா என்ற ஆபிரிக்க நாட்டைப் பாருங்கள். அதுவும் நம்மைப்போல் தேயிலை ஏற்றுமதி செய்யும் நாடு. அங்கே நந்தி மலைப்பகுதி தேயிலைக்கும் பேர்போனது, ஓட்டக்காரர்களுக்கும் பேர்போனது. அந்தப் பகுதியில் பிறந்த கிப்சோகே கெய்னோ 1968ஆம் ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்கில் 1,500 மீற்றர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். மெக்சிகோ நகரம் கடல் மட்டத்திலிருந்து 2,240 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. உயரத்தில் காற்று இலேசானது. ஒரு மூச்சில் கிடைக்கும் ஒட்சிசன் குறைவு. அங்கே நெடுநாள் வாழ்பவரின் உடம்பு அதைச் சமாளிக்க இரத்தத்தில் சிவப்பு அணுக்களைக் கூடுதலாக உண்டாக்கிக்கொள்கிறது. நம் நாட்டு வீரர்களும் இதற்காகத்தான் தியத்தலாவைக்கும் நுவரெலியாவுக்கும் பயிற்சிக்கு வருகிறார்கள். அவர்கள் பஸ் ஏறி வந்து தேடும் உயரத்தில்தான் மேட்டுத் தோட்டங்களின் பிள்ளைகள் பிறந்து வளர்கிறார்கள்.

உயரம் மட்டும் ஒருவரை வீரராக்கிவிடாது. பயிற்சி வேண்டும், சாப்பாடு வேண்டும், மனம் வேண்டும்.

2. சுவர் இருந்தால்தான் சித்திரம்

சிவப்பு அணு உண்டாக இரும்புச் சத்து தேவை. இரும்புச் சத்து குறைந்த பிள்ளைக்குப் படி ஏறினாலே மூச்சு வாங்கும், முகம் வெளிறும், வகுப்பில் தூக்கம் வரும். அதை நாம் "சோம்பேறி" என்று ஏசுகிறோம். உண்மையில் அது இரத்தக் குறைவாக இருக்கலாம். சந்தேகம் இருந்தால் தோட்டத்து மருத்துவ நிலையத்திலோ அரசாங்க ஆஸ்பத்திரியிலோ காட்டி இரத்தத்தைச் சோதிப்பது நல்லது. பெண் பிள்ளைகள் விடயத்தில் இது இன்னும் முக்கியம்.

இங்கே நமக்கென்றே ஒரு விடயம் உண்டு. நாம் பறிக்கும் தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள், உணவிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர விடாமல் தடுக்கிறது. ரொட்டியோடும் சோற்றோடும் சேர்த்துத் தேத்தண்ணி குடிப்பது நம் பழக்கம். தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். சிறு பிள்ளைகளுக்குச் சாப்பாட்டோடு தேத்தண்ணி கொடுப்பதை நிறுத்துங்கள்.

முருங்கைக் கீரை, பருப்பு, கௌபி, நெத்தலி, முட்டை, முடிந்தபோது ஈரல் ஆகியவற்றைச் சேருங்கள். கீரையில் தேசிக்காய் பிழிந்தால் அதிலுள்ள இரும்புச் சத்து நன்றாகச் சேரும். கொய்யாப்பழமும் நெல்லிக்காயும் அதே வேலையைச் செய்யும். வெறும் வயிற்றோடு பயிற்சிக்கு அனுப்பாதீர்கள்.

அடுத்தது தூக்கம். 13 முதல் 18 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணித்தியாலத் தூக்கம் வேண்டும். பயிற்சியால் களைத்த தசை தேறுவது தூக்கத்தில்தான்.

பயிற்சி எவ்வளவு? 5 முதல் 17 வயதுப் பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடம்பு அசைய ஓடியாட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. முதல் பத்து நிமிடம் மெதுவான நடை, மெல்லோட்டம், கைகால் சுழற்றல். பிறகுதான் வேகம். முடிவில் மறுபடியும் மெதுவான நடை. இந்த வாரம் ஓடிய தூரத்தைவிட அடுத்த வாரம் கொஞ்சம் மட்டும் கூட்டுங்கள். வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு. மூட்டில் வலி என்றால் நிறுத்த வேண்டும்; வலியோடு ஓடுவது வீரமல்ல.

"நாங்க நாள் பூராவும் மலையில வேலை செய்றோமே, எங்களுக்கு எதுக்கு உடற்பயிற்சி?" என்று தாய்மார் கேட்கலாம். கொழுந்தெடுக்கும்போது ஒரே தசைகள் ஒரே விதமாக உழைக்கின்றன. கூடையின் கயிறு தலையையும் கழுத்தையும் இழுக்கிறது. ஆகவே வேலை முடிந்ததும் கூடையை இறக்கி வைத்து, கைகளை மேலே நீட்டி முதுகை மெல்லப் பின்னால் வளைப்பதும், தோளைச் சுழற்றுவதும், கழுத்தை இரு பக்கமும் மெதுவாகச் சாய்ப்பதும் நல்லது. ஐந்து நிமிடம் போதும்.

3. மூன்று முறை விழலாம்

இனி மனதுக்கு வருவோம். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படித்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் உயரம் பாய்தல் வீரர். 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலும் 1956இல் மெல்பேர்ண் ஒலிம்பிக்கிலும் கலந்துகொண்டார். இரண்டிலும் பதக்கம் கிடைக்கவில்லை. அவர் நிறுத்தவில்லை. 1958இல் டோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர், அதாவது 6 அடி 8 அங்குலம் பாய்ந்து தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்குக் கிடைத்த முதலாவது தங்கம் அது. 1962இல் ஜகார்த்தாவில் வெள்ளி வென்றார். படிப்பையும் அவர் விடவில்லை. அமெரிக்காவில் கற்றுக் கலாநிதிப் பட்டம் பெற்றார். விளையாடினால் படிப்புக் கெடும் என்பவர்களுக்கு இது நல்ல பதில்.

உயரம் பாய்தலின் விதியே ஒரு பாடம். தொடர்ந்து மூன்று முறை தவறினால்தான் ஒருவர் வெளியேற வேண்டும். ஒரு முறை தடியைத் தட்டிவிட்டால் இன்னும் இரண்டு தடவை உண்டு. இன்னொன்றையும் கவனியுங்கள். வென்றவரும் மேலும் மேலும் தடியை உயர்த்திக்கொண்டே போய், கடைசியில் ஓர் உயரத்தைத் தாண்ட முடியாமல்தான் பெரும்பாலும் முடிக்கிறார். தங்கப் பதக்கக்காரரின் கடைசிப் பாய்ச்சலும் தவறிய பாய்ச்சலாகவே இருக்கும். தவறுவது அந்த ஆட்டத்தின் ஒரு பகுதி. பிள்ளைக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள்.

4. பிறர் சந்தேகப்பட்டபோது

முத்தையா முரளிதரனின் பெயர் தெரியாத தோட்டம் இல்லை. அவருடைய பாட்டனார் இந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு இந்த நாட்டுக்கு வந்தவர். முரளியின் முழங்கை பிறவியிலேயே முழுமையாக நீட்ட முடியாதது. 1995ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி மெல்பேர்ண் மைதானத்தில், பெருங்கூட்டத்துக்கு முன்னால், அவர் பந்தை எறிகிறார் என்று நடுவர் ஒருவர் ஏழு முறை முறையற்ற பந்து என அறிவித்தார். 1999இல் அடிலெய்டிலும் அப்படியே நடந்தது.

அந்த இடத்தில் நம்மில் எத்தனை பேர் பந்தைக் கீழே போட்டிருப்போம்? அவர் இரண்டு காரியம் செய்தார். ஒன்று, பரிசோதனைக்கு முன்வந்தார். கையின் அசைவைக் கருவிகளால் அளந்து பார்க்க மீண்டும் மீண்டும் ஒத்துக்கொண்டார். இரண்டு, பயிற்சியை விடவில்லை. 1998இல் இலண்டன் ஓவல் மைதானத்தில் ஒரே டெஸ்ட் போட்டியில் 16 விக்கெட் எடுத்தார். 2010ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் திகதி காலியில், தன் கடைசி டெஸ்டில், தான் வீசிய கடைசிப் பந்தில் 800ஆவது விக்கெட்டை வீழ்த்தி விடைபெற்றார்.

நடுவரின் தீர்ப்பும் கூட்டத்தின் கூச்சலும் அவர் கையில் இல்லை. அடுத்த பந்து மட்டும் அவர் கையில் இருந்தது. மனவுறுதி என்பது இதுதான்: நம் கையில் உள்ளது எது, இல்லாதது எது என்று பிரித்துப் பார்த்து, உள்ளதில் உழைப்பது.

பெண் பிள்ளைகளுக்கும் முன்மாதிரி உண்டு. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம் 6 அடி 10 அங்குல உயரமானவர். உயரமாக வளர்ந்த பெண் பிள்ளையை நம் ஊர்கள் எப்படிப் பேசும் என்பது நமக்குத் தெரியும். அந்த உயரத்தையே பலமாக்கி, வலைப்பந்தில் 2009இலும் 2018இலும் ஆசியக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணியில் அவர் ஆடினார்.

5. மனதுக்கும் பயிற்சி உண்டு

கால் தசையைப் போல மனதையும் பழக்கலாம். தினமும் செய்யக்கூடியவை இவை:

அ) மூச்சு: போட்டிக்கு முன் நெஞ்சு படபடக்கும், வயிறு கலக்கும். அது பயந்தாங்கொள்ளித்தனம் அல்ல. உடம்பு ஓட்டத்துக்குத் தயாராகிறது. நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். பத்துத் தடவை செய்தால் படபடப்புத் தணியும்.

ஆ) மனக்காட்சி: படுக்கும்போது கண்ணை மூடி, ஓட்டத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை மனதில் ஓட்டிப் பாருங்கள். இடையில் தடுக்கி விழுவதையும், எழுந்து ஓடுவதையும் சேர்த்துப் பாருங்கள்.

இ) சொல்: "எனக்கு ஏலாது" என்பதை "இன்னும் ஏலவில்லை" என்று மாற்றிச் சொல்லுங்கள். ஒரு சொல்தான் வித்தியாசம். ஆனால் அது கதவைத் திறந்து வைக்கிறது.

ஈ) சிறு இலக்கு: "முதலாவதாக வரவேண்டும்" என்பது மற்றவர்களையும் பொறுத்தது. "போன மாதத்தைவிட இரண்டு செக்கன் குறைக்க வேண்டும்" என்பது நம் கையில் உள்ளது. ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்.

உ) தோல்விக்குப் பின்: அன்று அழுதால் அழட்டும். மறுநாள் உட்கார்ந்து மூன்று கேள்வி கேளுங்கள். எது சரியாக நடந்தது? எது பிசகியது? அடுத்த வாரம் எதைப் பழகுவோம்?

6. பெற்றோருக்கு ஒரு வார்த்தை

போட்டி முடிந்து வரும் பிள்ளையிடம் "எத்தனையாவதாக வந்தாய்?" என்று முதலில் கேட்காதீர்கள். "எப்படி ஓடினாய்?" என்று கேளுங்கள். அடுத்த லயத்துப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். தோற்ற பிள்ளையை அடிப்பதும் பலர் முன் ஏசுவதும் அதன் மனதை முறித்துவிடும். பெண் பிள்ளை வயதுக்கு வந்துவிட்டாள் என்பதற்காக விளையாட்டை நிறுத்தாதீர்கள்.

இளைஞர்களே, மாலையில் மைதானம் காலியாகக் கிடந்தால் கசிப்புக்காரன் அந்த நேரத்தைப் பிடித்துக்கொள்வான். ஒரு பந்தும் பத்துப் பேரும் போதும், அந்த நேரத்தை நாம் பிடித்துக்கொள்ளலாம்.

எல்லாப் பிள்ளையும் முரளியாக வராது. ஆனால் விழுந்து எழும்பப் பழகிய பிள்ளை, பரீட்சையிலும் தொழிலிலும் வாழ்க்கையிலும் எழும்பும். விளையாட்டு சோறு போடுமா என்ற கேள்விக்கு நம்முடைய பதில் இதுதான்: சோறு தேடும் தெம்பை அது நிச்சயம் தரும்.

குழுவாகக் கலந்துரையாட:

1. நம் தோட்டத்தில் பிள்ளைகள் ஓடியாட என்ன இடம் உண்டு? அதைத் துப்புரவாக்க யார் யார் வருவோம்?

2. நம் வீட்டில் தேத்தண்ணி எந்த நேரத்தில் குடிக்கிறோம்? எதை மாற்றலாம்?

3. விளையாட்டை விட்டுவிட்ட பிள்ளை நம் லயத்தில் இருக்கிறதா? அந்தப் பிள்ளையோடு இந்த வாரம் யார் பேசுவது?