எலும்பு கூடும் வரை: வலியோடு இருக்கும் வாரங்களுக்குச் சின்ன காஞ்சிபுரத்துக் குறிப்புகள்

எலும்பு முறிந்த அன்று வீடே கூட ஓடி வரும். ஆட்டோ பிடித்து, எக்ஸ்ரே எடுத்து, கட்டுப் போட்டுக் கூட்டி வருவார்கள். அதற்குப் பிறகு வரும் வாரங்களில்தான் அடிபட்டவர் தனியாகிப் போகிறார். இரவில் தூக்கம் இல்லை, பகலில் தறி ஓடவில்லை. "கட்டுதான் போட்டாச்சே, இன்னும் என்ன வலி?" என்ற கேள்வி வேறு. குளியலறையில் வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்ட மாமியாரும், டூவீலரில் விழுந்து கணுக்கால் போன நெசவாளரும் இதைக் கேட்டுக் கேட்டே வலியை வாய்விட்டுச் சொல்வதை நிறுத்திவிடுகிறார்கள். அப்படி விடக் கூடாது. வலிக்குப் பயந்து அசையாமல் கிடந்தால் மூட்டு இறுகும், தசை மெலியும், வலியும் நீளும். வலியைத் தணிப்பது எலும்பைக் கூட வைக்கும் சிகிச்சையில் ஒரு பங்கு.

1. எத்தனை நாள் வலிக்கும் என்று முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். முதல் வாரத்து வலி பெரும்பாலும் வீக்கத்தால் வருவது. இரண்டு மூன்று வாரத்தில் முறிந்த இடத்தில் மெத்தென்ற புது வளர்ச்சி உண்டாகி, மெல்ல மெல்ல இறுகும். பெரியவர்களுக்கு மணிக்கட்டு கூட 6 முதல் 8 வாரம். முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்புக்கு 3, 4 மாதம், சிலருக்கு அதற்கு மேலும். சர்க்கரை நோய் இருந்தாலும், பீடி சிகரெட் பழக்கம் இருந்தாலும் இன்னும் தள்ளிப்போகும். கட்டு அவிழ்த்த பிறகு மூட்டு விறைப்பும் மந்தமான வலியும் சில மாதம் இருப்பது வழக்கம்தான். வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டு வருகிறதா என்பதுதான் கணக்கு.

2. அடிபட்ட கையையோ காலையோ நெஞ்சு மட்டத்துக்கு மேல் இருக்கும்படி தலையணை அடுக்கி வையுங்கள். முதல் இரண்டு வாரத்துக்கு இதைவிட நல்ல வலி நிவாரணி குறைவு. குழித்தறி உள்ள வீடுகளில் ஒரு பழக்கம் இருக்கிறது: வேலை செய்யாவிட்டாலும் தறியைப் பார்த்துக்கொள்ளலாம் என்று கட்டுப் போட்ட காலைக் குழியில் தொங்கவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். அரை மணி நேரத்தில் கால் வீங்கி, கட்டு இறுகி, அன்று இரவு முழுக்கக் குடையும். தறி பக்கத்திலேயே இருக்க வேண்டுமென்றால் நாற்காலி போட்டு, எதிரே ஸ்டூலில் தலையணை வைத்துக் காலை நீட்டிக்கொண்டு தார் சுற்றிக் கொடுக்கலாம்.

3. கட்டுக்கு வெளியே தெரியும் விரல்களை விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒரு முறை முழுக்க மடக்கி, முழுக்க நீட்டுங்கள். கையில் கட்டு என்றால் தோளையும் தூக்கி இறக்க வேண்டும். தூளியில் கையைப் போட்டுக்கொண்டு ஆறு வாரம் அப்படியே இருந்தவர்களுக்கு, மணிக்கட்டு கூடிய பிறகும் தோள் தூக்க வராமல் போய்விடுகிறது. டாக்டர் அசைக்க வேண்டாம் என்று சொன்ன மூட்டை மட்டும் விட்டுவிடுங்கள்.

4. முதல் சில நாள் ஐஸ் உதவும். துணியில் சுற்றி 15 நிமிடம், கட்டு நனையாமல் பிளாஸ்டிக் பை போட்டு. மரத்துப்போன தோலில் வைக்கக் கூடாது.

5. மாவுக்கட்டு ஜிப்சத்தால் ஆனது. 1851 வாக்கில் நெதர்லாந்து ராணுவ மருத்துவர் மதெய்சென் துணியில் இந்த மாவைத் தேய்த்துக் கட்டும் முறையைக் கொண்டுவந்தார். சில நிமிடத்தில் இறுகினாலும் உள்வரை காய 2, 3 நாள் ஆகும். அதற்குள் கட்டிலின் விளிம்பிலோ தரையிலோ அழுத்தி வைத்தால் பள்ளம் விழும். அந்தப் பள்ளம் தோலை உள்ளிருந்து அழுத்தி, ஒரே புள்ளியில் எரியும் வலியைக் கொடுக்கும். அப்படி ஓரிடத்தில் மட்டும் எரிந்தால் கட்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

6. கட்டுக்குள் அரிப்பெடுத்தால் தார்க்குச்சி, ஸ்கேல், ஊசி எதையும் உள்ளே விடாதீர்கள். சிறு கீறல்கூட உள்ளே சீழ் பிடிக்கும். கட்டின் மேல் விரலால் தட்டினாலும், மின்விசிறிக் காற்றை வாய்ப்பக்கம் படவிட்டாலும் தணியும்.

7. மாத்திரையை வலி உச்சத்துக்குப் போன பிறகு தேடாமல், முதல் நாட்களில் டாக்டர் சொன்ன மணிக்கணக்குப்படி போடுங்கள். பாராசிட்டமால் பெரியவர்களுக்கு 500 அல்லது 650 மில்லிகிராம். ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் ஆறு மணி நேரம் இடைவெளி. ஒரு நாளில் மொத்தம் 4 கிராமைத் தாண்டவே கூடாது. மெலிந்த உடம்பு, கல்லீரல் கோளாறு, குடிப்பழக்கம் இருந்தால் அளவு இன்னும் குறையும், கேட்டுக்கொள்ளுங்கள். சளி மாத்திரையிலும் பாராசிட்டமால் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். மெடிக்கலில் சும்மா கேட்டு வாங்கும் டைக்ளோபினாக் வகை மாத்திரைகள் வேறு ரகம். சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண், ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களுக்கு அவை கேடு. தெருவில் யாருக்கோ கேட்டது என்று வாங்கிப் போட வேண்டாம்.

8. புத்தூர் கட்டைப் பற்றிச் சொல்லாமல் நம் ஊரில் இந்தப் பேச்சு முடியாது. திருத்தணி தாண்டி ஆந்திரத்துப் புத்தூருக்கு வண்டி வைத்துப் போய், பச்சிலையும் முட்டை வெள்ளைக்கருவும் மூங்கில் பட்டையும் வைத்துக் கட்டி வந்தவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். விலகாத சாதாரண முறிவு எந்தக் கட்டிலும் அசையாமல் இருந்தால் கூடிவிடும் என்பதால் அந்த நம்பிக்கை நிலைத்திருக்கிறது. ஆனால் மூட்டுக்குள் போன முறிவு, தோல் கிழிந்த முறிவு, குழந்தைகளின் முழங்கை முறிவு ஆகிய மூன்றுக்கும் எலும்பு டாக்டரைத் தவிர வேறு எங்கும் போகக் கூடாது. எக்ஸ்ரே இல்லாமல் எந்தக் கட்டும் வேண்டாம்.

எண்ணெய் போட்டு உருவி விடுவது அதைவிட ஆபத்து. எலும்பு விலகும். முழங்கையில் உருவினால் தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து மூட்டு நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளலாம். பாட்டி ஆசையாகத்தான் செய்வார், அன்போடு தடுத்துவிடுங்கள்.

9. கீழ்க்கண்ட வலியைப் பொறுத்துக்கொள்ளவே கூடாது. மாத்திரைக்கு அடங்காமல் ஏறிக்கொண்டே போவது. விரலை அடுத்தவர் நீட்டிவிட்டால் துடிப்பது. விரல் மரத்து, வெளுத்து, சில்லிடுவது. நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு விநாடியில் சிவப்பு திரும்பாதது. கட்டு எதுவாக இருந்தாலும் உள்ளே ரத்த ஓட்டம் நெருக்கப்படுகிறது என்று பொருள். சில மணி நேரம் தாமதித்தாலும் தசை செத்துவிடும், விடியட்டும் என்று இருக்காதீர்கள். கால் கட்டு உள்ளவருக்குக் கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ உடனே 108.

10. இரவில் வலி கூடுவது பிரமை இல்லை. பகலில் கவனம் சிதறும், இரவில் வலி மட்டுமே மிஞ்சும். படுக்கப் போவதற்கு அரை மணி நேரம் முன் மாத்திரை, கட்டுக்கு அடியில் தலையணை, கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர். காலை மாலை இரண்டு வேளையும் வீட்டில் ஒருவர் "பத்துக்கு எத்தனை வலி?" என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். டாக்டரிடம் காட்ட அது உதவும். அம்மாக்களும் மாமியார்களும் தாமாகச் சொல்லமாட்டார்கள். கேட்டால்தான் வரும்.

11. ஊன்றுகோலை அக்குளில் தாங்காதீர்கள், நரம்பு நசுங்கும். எடை உள்ளங்கையில் இருக்க வேண்டும். ஒற்றைத் தடி என்றால் நல்ல காலின் பக்கத்துக் கையில். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். வரதராஜப் பெருமாளைப் பார்க்க அத்திகிரியின் 24 படியும் ஏற வேண்டும். வைகாசி கருட சேவைக் கூட்டத்தில் ஒரு இடி போதும். பெருமாள் காத்திருப்பார், அந்த வருடம் வீட்டிலிருந்தே கும்பிட்டுக்கொள்ளலாம். கழிவறைக்கு நடுவில் ஓட்டை உள்ள பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிவிடுங்கள். குந்தி எழும் ஒவ்வொரு முறையும் படும் வேதனை அதோடு போய்விடும்.

12. சாப்பாட்டில் ஆட்டுக்கால் சூப்பை நம்பி மற்றதை விட்டுவிடாதீர்கள். சூடாகக் குடிக்க இதமாக இருக்கும், ஆனால் அதில் சுண்ணாம்புச்சத்து மிகக் குறைவு. கேழ்வரகு 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. எள், தயிர், முருங்கைக்கீரை, முள்ளோடு தின்னும் நெத்திலி எல்லாம் நல்லது. புரதம் இல்லாமல் எலும்பு கூடாது: தினமும் முட்டை, பருப்பு, சுண்டல். கோயில் இட்லியில் உளுந்து இருக்கிறது, தாராளமாகச் சாப்பிடலாம். பிரண்டைத் துவையல் எலும்புக்கு நல்லது என்று பெரியவர்கள் சொல்வார்கள், சின்னச் சின்ன ஆய்வுகளும் அந்தப் பக்கம் பேசுகின்றன. உணவாக அளவோடு சாப்பிடுங்கள். நாரெடுத்து நல்லெண்ணெயில் நன்றாக வதக்கிப் புளி சேர்க்காவிட்டால் தொண்டை அரிக்கும். நாள் முழுக்க வீட்டுக்குள் தறியில் இருந்தவர்களுக்கு வைட்டமின் டி குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். கேட்டு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். கைகால் தெரிய வெயிலில் கொஞ்ச நேரம் உட்காருங்கள்.

13. கட்டு அவிழ்த்ததும் தோல் உரிந்து, மெலிந்து, தொட்டாலே கூசும். பயந்து மூடி வைக்காதீர்கள். நம் வீடுகளில் இதற்கு நல்ல மருந்து கிடக்கிறது: தறியிலிருந்து வெட்டிப்போட்ட பட்டுத் துண்டு. முதலில் பட்டால் மெல்லத் தடவுங்கள், ஓரிரு நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு வேளை. கூச்சம் குறைந்ததும் பழைய பருத்தி வேட்டி, பிறகு துவாலை, கடைசியாகச் சரிகைக் கரை. நரம்பு மெல்ல மெல்லத் தொடுதலுக்குப் பழகும். இயன்முறை மருத்துவர்களும் இப்படி மென்மையிலிருந்து கரடுக்குப் போகும் முறையைத்தான் சொல்லித் தருகிறார்கள். ஆனால் காயத்துக்குச் சம்பந்தமில்லாத அளவு எரிச்சல், தோல் நிறம் மாறுவது, ஒரு கை மட்டும் வியர்ப்பது, பளபளவென்று வீங்குவது தெரிந்தால் அது தனி நோய். அதை ஆரம்பத்திலேயே பிடித்தால் தீர்க்க முடியும், உடனே காட்டுங்கள்.

14. தறிக்குத் திரும்புவது டாக்டர் எக்ஸ்ரே பார்த்து அனுமதித்த பிறகுதான். கால் முறிந்தவருக்கு மிதி, கை முறிந்தவருக்கு நாடா தள்ளுவதும் அச்சை இழுத்து அடிப்பதும்தான் கஷ்டம். கோர்வைச் சேலைக்கு எப்படியும் துணைக்கு ஒரு ஆள் வேண்டும். முதல் மாதம் அந்தத் துணை இடத்தில் நீங்கள் உட்காருங்கள், மற்றவர் நெய்யட்டும். பிறகு கால் மணி நேரம் வேலை, கால் மணி ஓய்வு என்று தொடங்குங்கள். வேலையை நிறுத்தி இரண்டு மணி நேரம் கழித்தும் வலி அடங்கவில்லையென்றால் மறுநாள் பாதியாகக் குறையுங்கள். உடற்பயிற்சிக்கு ஆஸ்பத்திரிக்கு அலைய முடியாதவர்கள், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் போதும். போகும்போது முதல் எக்ஸ்ரேயும் கடைசி எக்ஸ்ரேயும் கையில் இருக்கட்டும்.