ஊருக்கு வரும் மருமகளுக்கு

அன்புள்ள மருமகளே,

"ஊருக்கு வர எனக்குப் பெரிசா ஆசையில்லை மாமா" என்று நீ எழுதியிருந்ததை உன் அத்தைக்கும் வாசித்துக் காட்டினேன். எங்களுக்கு வருத்தமில்லை. பத்து வயதில் பாளையங்கோட்டைக்கு வந்துபோனவள், இப்போது பதினான்கு வயதில் வரப்போகிறாய். உன் அப்பாவும் அம்மாவும் கம்போடியாவுக்கு ஊழியத்துக்குப் போனார்கள். நீ அங்கே வளர்ந்தாய். இரண்டும் ஒன்றல்ல என்பது எங்களுக்குத் தாமதமாகத்தான் புரிகிறது.

உன்னைப் போல வளர்ந்த ஒரு பிள்ளையின் கதையைச் சொல்கிறேன். பால் பிராண்ட் என்று ஒருவர். 1914-ல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். அப்பா ஜெஸ்ஸியும் அம்மா எவலினும் இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனரிகள். பெரியவர்களுக்கு அது காய்ச்சல் மலிந்த மலை, பையனுக்கோ சொர்க்கம். மரக்கிளையில் உட்கார்ந்து பாடம் எழுதி, தாளைக் கீழே நிற்கும் அம்மாவிடம் போடுவானாம். 1923-ல் குடும்பம் ஃபர்லோவுக்குக் கப்பலேறியது. சில வருட ஊழியத்துக்குப் பிறகு தாய்நாட்டுக்குப் போய், சபைகளுக்குச் செய்தி சொல்லி, இளைப்பாறித் திரும்புவதை அப்படித்தான் சொல்வார்கள். பெற்றோர் வீட்டுக்குப் போனார்கள். ஒன்பது வயதுப் பையன் வீட்டை விட்டுப் போனான். லீவு முடிந்ததும் பெற்றோர் மலைக்குத் திரும்ப, பாலும் தங்கை கோனியும் படிப்புக்காக லண்டனில், பாட்டியோடும் அம்மாவின் சகோதரிகளோடும் தங்கினார்கள்.

அன்று மிஷனரிக் குடும்பங்களில் இது வழக்கம்தான். 1901-ல் கொடைக்கானலில் அமெரிக்க மிஷனரிப் பிள்ளைகளுக்கென்று பள்ளி தொடங்கியபின் சிலருக்கு இந்தப் பிரிவு குறைந்தது. ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடரும் சிறு பெண்ணாக அமெரிக்காவில் விடப்பட்டவரே. வேலூர் ஆஸ்பத்திரியை உண்டாக்கியவர் என்று பிரசங்கத்தில் சொல்லும் நாம், அந்தச் சிறுமி அழுததைச் சொல்வதில்லை.

பாலுக்கு அப்பாவிடமிருந்து தவறாமல் கடிதம் வரும். 1929 ஜூனில் ஜெஸ்ஸி கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். தந்தி உடனே லண்டன் போய்விட்டது. கடிதமோ கப்பலில் போவது. தந்தி வந்த பிறகும் சில வாரங்கள் அப்பாவின் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. இதை முதலில் வாசித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு அம்மா வந்தார். மனதில் வைத்திருந்த இளமையான அம்மா அல்ல. துக்கத்தில் ஒடுங்கிப்போன ஒரு பெண். இவர்தானா என்று பிள்ளை திகைத்துவிட்டான்.

அந்த எவலின் மறுபடி நம் மலைகளுக்கே வந்தார். மிஷன் ஓய்வு கொடுத்தும் இங்கிலாந்துக்குப் போய்விடவில்லை. 1974-ல், 95 வயதில் காலமானபோது அவரைக் கொல்லிமலையில் கணவருக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். பிறந்த இடம்தான் ஊராக இருக்க வேண்டும் என்று அவரிடம் யார் சொல்லியிருக்க முடியும்? உன்னிடமும் யாரும் சொல்லக் கூடாது.

ஆச்சியை நீ வாராவாரம் வீடியோ காலில் பார்க்கிறாய். ஆனால் திரையில் முகம் மட்டும்தான் தெரியும். ஆச்சி இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள். ஒன்றை மூன்று தரம் சொல்ல வேண்டும். முதல் நாள் உனக்குத் திக்கென்று இருக்கும். பக்கத்தில் போய் உட்கார், அது போதும்.

புறப்படுமுன் அங்கே யாரையும் விட்டுவிடாமல் சொல்லிக்கொண்டு வா. சிநேகிதிகள், பக்கத்து வீட்டுப் பாட்டி, உன் நாய்க்குட்டி, எல்லாரிடமும். நாம் யாரும் 'போறேன்' என்று சொல்வதில்லை, 'போயிட்டு வாரேன்' என்போம். அதை அவர்களிடமும் சொல். அவசரமாகக் கிளம்பி, சொல்லாமல் வந்தால் மனம் அங்கேயே நின்றுவிடும்.

இன்னொன்று, நான் மன்னிப்புக் கேட்க வேண்டியது. போன தடவை ஆலயத்தில் எல்லார் முன்பும் உன்னை நிறுத்தி, கெமர் மொழியில் பாடச் சொன்னது நான்தான். நீ பாதியில் அழுதாய். கூச்சம் என்று நினைத்துவிட்டேன். இந்த முறை யார் கேட்டாலும் உனக்கு விருப்பம் இருந்தால் மட்டும் பாடு. 'அந்த ஊர் பிடிக்குமா, நம்ம ஊர் பிடிக்குமா' என்று கேட்பவர்களுக்கும் நீ பதில் சொல்ல வேண்டியதில்லை. நான் சொல்லிக்கொள்கிறேன்.

மாடி அறையை அத்தை ஒழித்து வைத்துவிட்டாள். வரும்போது அந்த பிராஹோக் மீன் விழுதை நன்றாகக் கட்டி எடுத்து வா. எப்படிச் சமைப்பதென்று நீதான் அவளுக்குச் சொல்லித்தர வேண்டும்.

உன் அன்பு மாமா