ஹெரால்ட் காரின் ஸ்டியரிங்: மாற்றும் முன் பழுது பார்ப்போம்

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. இக்காலத் தேராகிய மோட்டார் காருக்கும் இது பொருந்தும். எஞ்சின் நின்றுபோனால் வண்டி ஓரமாக நிற்கும், அவ்வளவுதான். ஸ்டியரிங் கைவிட்டாலோ வண்டி ஓரமாக நிற்காது.

மைசூரில் பழைய கார்களைப் பேணி வரும் அன்பர்கள் சிலர், "ஸ்டியரிங் ஆடுகிறது, திருப்பினால் கனக்கிறது, பவர் ஸ்டியரிங் பொருத்திவிடலாமா?" என்று என்னிடம் கேட்பதுண்டு. பல ஆண்டுகளாக ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் காரை நானே பராமரித்து வருகிறேன். அந்த அனுபவத்தில் அறிந்ததை இங்கே பாடமாகத் தருகிறேன்.

சென்னையில் பிறந்த கார்

இங்கிலாந்தில் 1959-ல் வெளிவந்த ட்ரையம்ஃப் ஹெரால்டை வடிவமைத்தவர் இத்தாலியரான மிக்கலாட்டி. சென்னையை அடுத்த வண்டலூர்-பெருங்களத்தூர்ப் பகுதியில் இயங்கிய ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம், 1961 முதல் அதை 'ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்' என்ற பெயரில் தயாரித்தது. அதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி, 1962-ல் இங்கிலாந்தில் ஸ்பிட்ஃபயர் என்ற இரு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரை உருவாக்கினார்கள். புகழ்பெற்ற லோட்டஸ் எலான் ஸ்போர்ட்ஸ் காரின் முன்சக்கரங்களைத் தாங்குவதும் ட்ரையம்ஃப் பாகங்களே. நம் குடும்பக் காருக்கும் பந்தய வீரர்கள் விரும்பிய கார்களுக்கும் கை, மணிக்கட்டு எல்லாம் ஒன்றுதான்!

சென்னைத் தொழிற்சாலை மூடிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் ஸ்பிட்ஃபயர் 1980 வரை உற்பத்தியில் இருந்ததாலும், அதற்கு உலகெங்கும் ஆர்வலர்கள் இருப்பதாலும், ஸ்டியரிங் பாகங்கள் பல இன்றும் இங்கிலாந்தில் புதிதாகக் கிடைக்கின்றன.

வேலை செய்யும் விதம்

பழைய ஃபியட்டில் இருப்பது ஸ்டியரிங் பாக்ஸ். ஹெரால்டில் இருப்பது 'ரேக் அண்டு பினியன்' முறை. ஸ்டியரிங் தண்டின் நுனியில் ஒரு சிறு பற்சக்கரம் உண்டு. அது குறுக்கே கிடக்கும் பல்வைத்த இரும்புத் தண்டை இடமும் வலமும் நகர்த்துகிறது. அதன் இரு முனைகளிலும் உள்ள டை ராடுகள் சக்கரங்களைத் திருப்புகின்றன. இடையில் மூட்டுகள் குறைவு என்பதால் ஆட்டமும் குறைவு. ஹெரால்ட் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். தேவராஜ அர்ஸ் சாலை நெரிசலில் இதன் அருமை தெரியும்.

ஆட்டம் வேறு, கனம் வேறு

இவை இரண்டும் தனித்தனி நோய்கள். மருந்தும் தனித்தனி.

முதலில் ஆட்டம். வண்டியைத் தரையில் நிறுத்தி, ஒருவர் ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் சிறிது அசைக்க, மற்றவர் அடியில் ஒவ்வொரு மூட்டாகப் பார்க்க வேண்டும். கையின் அசைவு எந்த இடத்தில் தொலைந்துபோகிறதோ, அங்கேதான் தேய்மானம்.

பல வண்டிகளில் ரேக் முழுவதுமே பக்கவாட்டில் நகர்வதைக் காணலாம். அதை அடிச்சட்டத்தோடு பிடித்திருக்கும் ரப்பர்கள் எஞ்சின் ஆயில் பட்டு ஊறி இளகிப்போயிருக்கும். ரேக்கையே மாற்றச் சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு. ரப்பரை மாற்றினால் போதும். ஆயில் ஒழுகலையும் அடைக்க வேண்டும், இல்லையேல் புது ரப்பரும் ஊறிவிடும்.

அடுத்தது, ஸ்டியரிங் தண்டின் கீழ்முனையிலுள்ள ரப்பர் இணைப்பு. இதை மாற்றும்போது, அதைத் தாண்டிச் செல்லும் சிறு மின்கம்பியை மறவாமல் மீண்டும் பொருத்துங்கள். ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. கம்பி இல்லாவிட்டால் ஹாரன் ஒலிக்காது.

பிறகு முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, உறுதியான ஸ்டாண்டு கொடுத்து (ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது), சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து அசையுங்கள். ஆட்டம் இருந்தால், ஒருவரைப் பிரேக்கை அழுத்தச் சொல்லுங்கள். அப்போது ஆட்டம் மறைந்தால் குறை சக்கர பேரிங்கில். மறையாவிட்டால் மேல் பால் ஜாயிண்டிலோ கீழ் மூட்டிலோ. இடம் வலமாகப் பிடித்து அசைக்கும்போது மட்டும் ஆட்டம் தெரிந்தால், டை ராடு முனையைச் சந்தேகியுங்கள்.

ரேக்கின் பற்களுக்கிடையே ஆட்டம் இருந்தால், ஸ்பிரிங் வைத்த மூடியின் அடியிலுள்ள மெல்லிய தகடுகளைக் குறைத்து இறுக்கலாம். யாதவகிரியில் 1961 முதல் 1996 வரை இயங்கிய ஐடியல் ஜாவா ஆலையின் வண்டிகளை ஓட்டியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஹாண்டில் பார் பேரிங் தளர்ந்தால் வண்டி உதறும். அதிகம் இறுக்கினால் ஹாண்டில் மரத்துப்போகும். ரேக்கும் அப்படித்தான். அதன் பற்கள் நடுவில்தான் அதிகம் தேயும். நடுவில் ஆட்டமே இல்லாதபடி இறுக்கினால், முழுதாகத் திருப்பும்போது சிக்கிக்கொள்ளும். எனவே இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்த்த பிறகே வேலை முடிந்தது எனலாம்.

இனி கனம். முன்சக்கரங்கள் இரண்டையும் தூக்கிய நிலையில் திருப்பிப் பாருங்கள். லேசாகத் திரும்பினால் குறை டயர்க் காற்றிலோ அலைன்மென்ட்டிலோ இருக்கும். அப்போதும் கனத்தால் டை ராடு முனைகளைக் கழற்றிவிட்டு, ஸ்டியரிங்கையும் ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியே திருப்புங்கள். எது இறுகியிருக்கிறதோ அதுவே குற்றவாளி. பெரும்பாலும் அது சக்கரத்தின் கீழ் மூட்டாகவே இருக்கும்.

உயிர் காக்கும் மூட்டு

இப்பாடத்தின் முக்கியப் பகுதி இதுதான். ஹெரால்டின் சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தண்டின் அடிமுனை, 'ட்ரன்னியன்' எனப்படும் வெண்கலத் துண்டுக்குள் மரையாக இறங்கியிருக்கும். சக்கரம் திரும்பும்போதெல்லாம் அந்த மரையும் திரும்புகிறது. அதற்குக் கிரீஸ் அல்ல, 90 எண் கியர் ஆயிலே இட வேண்டும். கிரீஸ் மரையின் அடிவரை பரவாது. மழைநீர் புகுந்து இரும்பு துருவேறும். துருப்பிடித்த குழியில் விரிசல் தொடங்கும். ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். எந்தப் பவர் ஸ்டியரிங்கும் அப்போது உதவாது.

என் காரை வாங்கிய புதிதில், ஊட்டிக்குப் போகும் முன் இம்மூட்டைக் கழற்றினேன். முன்பு அதைப் பார்த்த ஒரு பட்டறையில் கிரீஸ் திணித்திருந்தார்கள். மரையைத் துடைத்து, சிவப்புச் சாயம் தடவி, பிறகு வெள்ளைப் பூச்சுப் பூசிச் சோதித்தேன். இடப்பக்கத் தண்டில் மயிரிழை போல ஒரு சிவப்புக் கோடு தெரிந்தது. விரிசல்! மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்ஹட்டிச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். அந்தத் தண்டோடு, மனைவி மக்களையும் ஏற்றிக்கொண்டு அங்கே இறங்கி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். பயணத்தைத் தள்ளிவைத்து, இரு பக்கமும் புதுத் தண்டும் ட்ரன்னியனும் பொருத்திய பிறகே புறப்பட்டோம்.

இரு பக்கத்து மரைகளும் எதிரெதிர்த் திசையில் அமைந்தவை; மாற்றிப் பொருத்த முடியாது. சிறு திருகை எடுத்துவிட்டு நிப்பிள் பொருத்தி, கியர் ஆயில் நிரப்பிய கிரீஸ் கன்னால், மேலே ஆயில் கசியும்வரை செலுத்த வேண்டும். நான் 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறையும், மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறையும் இதைச் செய்கிறேன். செலவு மிகச் சிறிது. ரேக்கின் இரு முனையிலுமுள்ள ரப்பர் உறை கிழிந்திருந்தால் அதையும் உடனே மாற்றுங்கள். நம் செம்மண் தூசி புகுந்தால் பற்களை அரம்போல் அராவிவிடும்.

மாற்றங்கள் தேவையா?

பழுதெல்லாம் நீங்கிய பிறகே இக்கேள்விக்கு வர வேண்டும். ரேக்கின் ரப்பர்களுக்குப் பதிலாக அலுமினியத் துண்டுகளைப் பொருத்துவோர் உண்டு. ஸ்டியரிங் கூர்மையாகும் என்பது உண்மை. ஆனால் சாலையின் ஒவ்வொரு குழியும் கைக்கு வந்து சேரும். நம் சாலைகளுக்கு ரப்பரே உகந்தது. சிறிய ஸ்டியரிங் சக்கரம் பார்வைக்கு அழகு, திருப்பக் கனம்.

புதுக் கார்களின் மின்சாரப் பவர் ஸ்டியரிங்கைப் பொருத்துவதில் சட்டச் சிக்கலும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவிலுள்ள மூல அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. மேலும் 2021-ல் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்து, மூல வடிவம் கெடாமல் உள்ள வண்டியே 'விண்டேஜ்' பதிவுக்குத் தகுதி பெறும். அவசரத்தில் செய்யும் மாற்றம் அந்தத் தகுதிக்கே ஊறு செய்யலாம்.

எல்லா வேலையும் முடிந்ததும், டை ராடு முனைகளின் நட்டுகள் இறுக்கமாக உள்ளனவா என்று பாருங்கள். அலைன்மென்ட்டைக் கையேட்டில் உள்ள அளவுக்குச் சரிசெய்யுங்கள். பின்பு வெறிச்சோடிய சாலையில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். திருப்பிவிட்டுப் பிடியைத் தளர்த்தினால் ஸ்டியரிங் தானாக நேர்நிலைக்குத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் ஏதோ ஒன்று இன்னும் இறுகியிருக்கிறது. இதில் தேறிய பிறகே சாமுண்டி மலையேற்றம்.

ஹெரால்ட் வைத்திருக்கும் அன்பர்கள் இந்த மழைக்காலம் முடிந்ததும் ட்ரன்னியனில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். கிரீஸாக இருந்தால், ஆயிலை இட்டு மூடிவிடாமல், தண்டைக் கழற்றிச் சோதித்துவிட்டு வண்டியை எடுங்கள்.