வீட்டுப் பராமரிப்பின் தரத்தை அறிவது எவ்வாறு?

பொருளின் தரத்தை ஆராய்ந்து அறிவது கூட்டுறவாளராகிய நமக்குப் புதியதன்று. நெசவாளர் சங்கத்தில் துணி வந்து சேர்ந்ததும் நீளமும் அகலமும் அளக்கிறோம். அங்குலத்திற்கு எத்தனை பாவிழை, எத்தனை ஊடையிழை என்று எண்ணுகிறோம். சாயம் நிற்குமா என்று பார்க்கிறோம். விளைபொருளாயின் ஈரமும் கலப்பும் பார்த்து விலை வைக்கிறோம். ஆனால், எழுந்து நடமாட இயலாத முதியவரை வீட்டிற்கே வந்து குளிப்பாட்டி, உணவூட்டி, மருந்து கொடுத்துப் பேணும் பணியைக் கூலி கொடுத்துப் பெறும்போது, அது நற்பணியா, குறையுள்ள பணியா என்று அறிய நம்மிடம் என்ன அளவுகோல் இருக்கிறது?

துணி மேசைமீது கிடக்கும். நாலு பேர் புரட்டிப் பார்க்கலாம். இப்பணியோ செய்த கணமே மறைந்துவிடுகிறது. வீட்டார் தறியிலோ வயலிலோ இருக்க, அதனைக் காண்பவர் படுக்கையில் இருப்பவர் ஒருவரே. அவருக்குப் பல வேளைகளில் எடுத்துச் சொல்லும் வலிமை இல்லை. வலிமை இருப்பினும், குறை சொன்னால் நாளைக்கு யார் வருவார் என்ற அச்சம் உண்டு. ஆகவே, அவருக்காகப் பார்த்தறிய வேண்டிய கடமை நம்முடையதாகிறது. 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படியே இந்திய நாட்டில் 60 வயதும் அதற்கு மேலும் உடையோர் 10 கோடிக்கு மேற்பட்டிருந்தனர். தமிழ்நாட்டில் அப்போது 100 பேருக்குச் சுமார் 10 பேர் அவ்வயதினராக இருந்தனர். இது நம் ஒவ்வொருவர் வீட்டுக்கும் உரிய செய்தியாகும்.

மூன்று கூறுகள்

பெய்ரூட்டில் பிறந்து அமெரிக்க நாட்டில் பேராசிரியராக விளங்கிய அவெடிஸ் டொனபீடியன் என்னும் அறிஞர், மருத்துவப் பணியின் தரத்தை ஆராயும் முறையை 1966ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையில் வகுத்துரைத்தார். அமைப்பு, செய்முறை, பயன் என மூன்று கூறுகளாகப் பகுத்துப் பார்க்க வேண்டும் என்பது அவர் கருத்து. நெசவாளருக்கு இது எளிதில் விளங்கும். நூலும் தறியும் நெய்வோரின் பயிற்சியும் அமைப்பு. நெய்யும் விதம் செய்முறை. இறங்கும் துணி பயன். நல்ல நூல் இருந்தால் மட்டும் நல்ல துணி கிடைத்துவிடாது. எனினும் கெட்ட நூலில் நல்ல துணியை எதிர்பார்ப்பதும் வீண். மூன்றையும் சேர்த்துப் பார்த்தாலன்றி உண்மை புலப்படாது.

அமைப்பு

முதலில் கேட்க வேண்டியவை இவை: வருபவர் யாரிடம் பயிற்சி பெற்றவர்? அவருக்கு ஐயம் வந்தால் கேட்பதற்கு ஒரு செவிலியரோ மருத்துவரோ இருக்கின்றாரா? அவர் வர இயலாத நாளில் மாற்று ஆள் உண்டா? மேற்பார்வை செய்வது யார்? தமிழ்நாட்டு அரசு 2021ஆம் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், மகளிர் தன்னார்வலர் இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவிற்கும் உரிய மருந்துகளை வீட்டிற்குக் கொண்டு செல்லவும், வலி தணிப்புப் பராமரிப்பையும் இயன்முறைச் சிகிச்சையையும் அவற்றிற்கெனப் பயின்றோர் செய்யவும் வகை செய்யப்பட்டது. யார் எதைச் செய்வது என்ற இத்தகைய பகுப்புத் தெளிவாக இருப்பதே நல்ல அமைப்பின் முதல் அடையாளம்.

அடுத்தது நேரம். இங்கிலாந்தில் கால் மணி நேரத்தில் வந்து போகும் வழக்கம் பெரும் கண்டனத்திற்கு உள்ளாயிற்று. 2015ஆம் ஆண்டில் அந்நாட்டில் வெளியிடப்பட்ட நெறிமுறைகள், அரைமணிக்குக் குறைந்த வருகையைச் சில நிபந்தனைகளுடன்தான் ஏற்றன. வருபவர் முதியவருக்கு முன்பே அறிமுகமானவராக இருத்தல் அவற்றுள் ஒன்று. நாள்தோறும் புதிய முகம் வருமாயின், நேற்று இல்லாத வீக்கம் இன்று இருப்பதை எவர் கண்டறிவார்?

செய்முறை

வேலை நடக்கும்போது உடனிருந்து பார்த்தாலன்றிச் செய்முறையை அறிய இயலாது. முன்னறிவிப்புக் கொடுத்துச் சென்று பார்ப்பது, திருவிழாவன்று தெருவைப் பார்ப்பது போலாகும். வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு வேளைகளில் பார்க்க வேண்டும்.

உடலைத் தொடுமுன் கை கழுவுகின்றாரா? உணவு கொடுக்கும்போது முதியவரை நிமிர்த்தி அமர்த்துகின்றாரா? படுத்தபடி ஊட்டினால் உணவு மூச்சுக்குழலில் புகக்கூடும். சிறுநீர்க் குழாய் பொருத்தப்பட்டிருந்தால், அதன் பை சிறுநீர்ப்பையின் மட்டத்திற்குக் கீழே தொங்குகிறதா? புரண்டு படுக்க இயலாதவரை, பொதுவாகச் சொல்லப்படுவது போல் 2 மணிக்கு ஒருமுறையேனும், அல்லது மருத்துவர் குறித்த கால அளவில், திருப்பிப் படுக்க வைக்கின்றாரா? உடை மாற்றும்போது கதவைச் சாத்துகின்றாரா? செய்யப் போவதை முதியவரிடம் சொல்லிவிட்டுச் செய்கின்றாரா? இறுதி இரண்டும் சிறியவை என்று எண்ணற்க. மனிதரை மனிதராக மதித்தல் அங்கேதான் வெளிப்படுகிறது.

பயன்

பயனை அறியச் சிறந்த சான்று முதியவரின் தோல். இடுப்பின் பின்புறம், பிட்டம், குதிகால், தொடையெலும்பின் பக்கம் ஆகிய எலும்பு புடைத்த இடங்களை நாள்தோறும் பார்க்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்த பின்னும் அது வெளுக்காமல் நிற்குமாயின், படுக்கைப்புண் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். கருநிற மேனியில் சிவப்பு எளிதில் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிட அவ்விடம் சூடாகவோ, கெட்டியாகவோ, நிறம் மாறியோ இருக்கிறதா என்று தொட்டறிய வேண்டும். அவ்விடத்தைத் தேய்த்தல் ஆகாது; அதன்மேல் பாரம் விழாமல் காத்து, உடனே மருத்துவருக்கு அறிவிக்க வேண்டும். இதனோடு உடல் எடை, கீழே விழுந்த தடவைகள், மிஞ்சிய மாத்திரைகளின் எண்ணிக்கை ஆகியவற்றையும் குறித்து வரலாம்.

ஆயினும், பயனை மட்டும் கொண்டு தீர்ப்புக் கூறுதல் நீதியன்று. தீரா நோயுடையவர் மெலிவது பராமரிப்போர் பிழையால் அன்று. கேரளத்தில் கோழிக்கோட்டில் 1993ஆம் ஆண்டில் தொடங்கிய வலி தணிப்புச் சங்கம், நோய் தீராத நிலையிலும் வலியைக் குறைக்க முடியும் என்பதையே தன் பணிக்கு அடிப்படையாகக் கொண்டது. அந்நிலையில் கேட்க வேண்டிய கேள்வி, ‘நோய் தீர்ந்ததா?’ என்பதன்று, ‘நேற்று இரவு வலியின்றி உறங்கினீர்களா?’ என்பதே. இதனை மகனிடமோ மருமகளிடமோ அன்றி, முதியவரிடமே தனித்திருந்து கேட்க வேண்டும்.

பணி செய்வோர் நிலை

குறை கண்டவுடன் பணிப்பெண்ணைக் குற்றம் சாட்டுவது எளிது. ஆனால் ஒரே நாளில் எத்தனை வீடு அவருக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது? வீடு விட்டு வீடு செல்லும் நேரத்திற்குக் கூலி உண்டா? இவற்றைக் கேளாமல் தரத்தை ஆராய்தல், நெய்கூலி பாராமல் துணியைப் பழிப்பதற்கு ஒப்பாகும். நியூயார்க்கு நகரின் பிராங்க்ஸ் பகுதியில் 1985ஆம் ஆண்டில் வீட்டுப் பராமரிப்புப் பணியாளர்களுக்கான ஒரு கூட்டுறவு நிறுவனம் அமைக்கப்பட்டது. பணியாளரே அதன் பங்குதாரர். புதிதாய்ச் சேர்வோருக்குப் பயிற்சி இலவசம். அங்கே வேலையை விட்டு விலகுவோர் தொகை அத்தொழிலின் பொது நிலையைவிடக் குறைவாக இருந்து வந்தது. விலகுவோர் குறைந்தால் அதே கை தொடர்ந்து வரும். அதே கை வந்தால் முதியவர் நலம் பெறுவார். இங்கே பணியாளர் நலனும் முதியவர் நலனும் வெவ்வேறல்ல என்பது தெளிவு.

சங்கங்கள் செய்யக்கூடியவை

வீட்டில் ஒரு குறிப்பேடு வைத்து, வந்த நேரம், போன நேரம், செய்த பணி, தோலின் நிலை ஆகியவற்றை எழுதச் செய்யலாம். அங்கத்தினர் இருவர், அவருள் ஒருவரேனும் பெண்ணாக, மாதம் ஒருமுறை முதியவரின் இசைவு பெற்றுச் சென்று காணலாம். முதியவர் சொல்லும் குறையை அவர் பெயர் வெளியாகாதவாறு மேற்பார்வையாளரிடம் சேர்க்கலாம். குறிப்பேடு நிரம்பியிருப்பதே தரத்திற்குச் சான்றென்று மயங்குதல் கூடாது. ‘திருப்பிப் படுக்க வைத்தேன்’ என்று ஏட்டில் எழுதியிருக்க, குதிகாலில் புண் காணுமாயின், புண்ணையே நம்புக. ஏட்டை மீண்டும் ஆராய்க.

ஆய்வு வட்டத்தில் ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. நம் ஊரில் படுக்கையில் இருக்கும் முதியோர் எத்தனை பேர்? அவர்களைப் பகலில் பேணுபவர் யார்?

2. அமைப்பு, செய்முறை, பயன் ஆகிய மூன்றனுள், வீட்டாருக்கு எளிதில் புலப்படுவது எது? மறைந்து நிற்பது எது?

3. பராமரிக்கும் பணியாளரின் கூலியையும் நேரத்தையும் குறித்து நம் சங்கம் எவ்வாறு கருத்துத் தெரிவிக்கலாம்?