கைங்கர்யப் பொருளும் அதன் தூய்மையும்

திருவிழாக் காலத்தில் திருக்கோயிலை நாடி வரும் அன்பர்களின் கண்ணுக்குப் புலப்படுவன எம்பெருமானின் திருவீதிப் புறப்பாடும், வாகன ஸேவையும், ததீயாராதனமும் ஆகும். அவற்றின் பின்னே கண்ணுக்குப் புலப்படாத ஒன்று உண்டு, அதுவே பொருள். திருமாலைக்கும் பொருள் வேண்டும், தளிகைக்கும் வேண்டும், தீவட்டிக்கு எண்ணெய் வாங்கவும் வேண்டும். விமானமும் கோபுரமும் பழுதுற்றால் அவற்றைச் செப்பனிட்டு ஸம்ப்ரோக்ஷணம் செய்விக்கப் பெரும்பொருள் வேண்டும். ஆதலின் கைங்கர்யத்தில் ஈடுபட்டோர் எவர்க்கும் என்றேனும் ஒருநாள் ஒரு வினா எழாமற் போகாது. கொடுப்பவர் கை தூயதன்று என்ற ஐயம் தோன்றும்போது, அவர் தரும் பொருளைக் கொள்ளலாமா, தள்ள வேண்டுமா என்பதே அவ்வினா.

ஓர் ஊரில் திருப்பணி பாதியில் நிற்கிறது என்று கொள்வோம். சாரம் கட்டி இரண்டாண்டு ஆகிவிட்டது. ஸ்தபதிக்குக் கூலி பாக்கி. அவ்வமயம் செல்வர் ஒருவர் முன்வந்து, எஞ்சிய செலவு முழுவதையும் தாமே ஏற்பதாகக் கூறுகிறார். அவரோ கொடுவட்டியால் ஏழைக் குடியானவர்களின் நிலங்களைத் தம்வசமாக்கிக் கொண்டவர். நிலம் இழந்த குடும்பங்களும் அதே ஸந்நிதியில் வந்து தொழுபவையே. திருப்பணிக் குழுவினர் என் செய்வது? "எங்கிருந்து வந்தால் என்ன? பெருமாளிடம் சேர்ந்தால் தூயதாகிவிடும்" என்பார் சிலர். "அவருடைய நிழலும் கோயிலில் படலாகாது" என்பார் வேறு சிலர். இவ்விரண்டும் எளிய விடைகள். பெரியோர் காட்டிய வழி இவ்விரண்டினும் வேறானது.

விருந்தை மறுத்த தூதன்

பாண்டவர்களின் தூதனாய் அஸ்தினாபுரம் சென்ற கண்ணனுக்குத் துரியோதனன் பெருவிருந்து ஒன்றைச் சித்தம் செய்திருந்தான். கண்ணன் அதனை ஏற்கவில்லை. காரணம் கேட்டபோது மறைக்கவுமில்லை. ஒருவர் இல்லத்தில் உண்பது அன்பினால் ஆகும்; அன்றேல் பசியின் கொடுமையால் ஆகும். துரியோதனனிடம் அன்பு இல்லை. கண்ணனுக்கு அத்தகைய வறுமையும் இல்லை. ஆதலின் விதுரன் இல்லத்து உணவே கொள்ளத்தக்கது என்று உத்யோக பர்வத்தில் அவன் உரைக்கின்றான். உணவின் சுவையையோ அளவையோ அவன் எடைபோடவில்லை. கொடுப்பவன் எதை நாடிக் கொடுக்கிறான் என்பதையே நோக்கினான்.

கொள்ளாதவன் நிலை அது. கொண்டவர் நிலை யாது? போர் தொடங்குமுன் தருமபுத்திரன் படைக்கலம் களைந்து, கால்நடையாகச் சென்று, பீஷ்மர், துரோணர், கிருபர், சல்லியன் ஆகியோரை வணங்கி விடைபெற்றான். அவன் மேல் பரிவு இருந்தும் நால்வரும் அவன் பக்கம் வர இயலாமைக்கு ஒரே காரணத்தையே கூறினர். கௌரவர்களின் பொருளால் கட்டுண்டோம் என்பதே அக்காரணம். பீஷ்மர் அறம் அறியாதவர் அல்லர். அறிந்தும் அதன் பக்கம் நிற்க இயலாதபடி உண்ட சோறு தடுத்தது. கொடை வாங்கும் நாளில் கயிறு கண்ணுக்குத் தெரிவதில்லை. நியாயம் பேச வேண்டிய நாளில்தான் அது இறுக்குகிறது.

பொன்னாகாத பாதி உடல்

பொருளின் வரலாறு அதன் பயனைத் தொடரும் என்பதை அசுவமேத பர்வத்தின் கீரிக் கதை காட்டும். குருக்ஷேத்திரத்தில் சிந்திய தானியத்தைப் பொறுக்கி உஞ்சவிருத்தியால் வாழ்ந்த அந்தணர் ஒருவர், பஞ்ச காலத்தில் அரிதாய்க் கிடைத்த வாற்கோதுமை மாவை விருந்தினர்க்கு ஈந்தார். மனைவியும் மகனும் மருமகளும் தத்தம் பங்கையும் ஈந்தனர். அங்குச் சிதறிய மாவிற் புரண்ட கீரியின் உடல் பாதி பொன்னாயிற்று. மறுபாதியும் பொன்னாகும் என்று நம்பி அது தருமபுத்திரனின் பெருவேள்விச் சாலையில் வந்து புரண்டது, ஆகவில்லை. வேள்வியில் வாரி வழங்கப்பட்ட செல்வத்தைவிட, நேர்வழியில் வந்த கைப்பிடி மாவே உயர்ந்தது என்று கீரி சபையறியக் கூறிற்று. வஞ்சனையால் பொருள் சேர்த்துக் காப்பது பச்சைமண் கலத்தில் நீர் நிரப்பி வைப்பது போன்றது என்னும் கருத்தை வள்ளுவரும் வினைத்தூய்மை அதிகாரத்தில் கூறியுள்ளார்.

ஆழ்வார் செய்ததோ?

இவ்விடத்தில் அன்பர்கள் ஓர் ஐயம் எழுப்புவர். திருமங்கை மன்னன் வழிப்பறி செய்தன்றோ அடியார்களுக்கு அமுது படைத்தார்? எம்பெருமான் அதனை உகந்தருளினானே என்பர். ஸ்ரீரங்கத்தில் இராப்பத்து எட்டாம் நாள் நடைபெறும் வேடுபறி உத்ஸவத்தை ஸேவித்தோர்க்கு இவ்வையம் எழுவது இயல்பே.

அவ்வரலாற்றை முறையாக நோக்கினால் விடை கிடைக்கும். குமுதவல்லி நாச்சியாரின் நிபந்தனைப்படி நாள்தோறும் 1008 அடியார்களுக்கு அமுதளித்த மன்னன், சோழனுக்குரிய வரிப்பணத்தை அதற்குச் செலவிட்டுச் சிறைப்பட்டார். அப்போது காஞ்சிப் பேரருளாளன் வேகவதி ஆற்றங்கரையில் புதையலைக் காட்டியருளினான். அதனைக் கொண்டு அரசனுக்குரியது அரசனிடம் சேர்ந்தது. கைங்கர்யத்திற்குச் செலவானது என்பதனால் கடன் கழிந்துவிட்டதாக எம்பெருமான் விடவில்லை. உரியவரிடம் சேர்ப்பிக்கவே வழி செய்தான். பின்னர் வழிப்பறி தொடர்ந்தபோது தானே மணவாளக் கோலத்தில் வந்து, தன்னையே பறிகொடுத்து, திருமந்திரத்தை உபதேசித்து மன்னனை ஆழ்வாராக்கினான். அதன்பின் பிறந்த பெரிய திருமொழியின் முதற்பதிகம் கழிந்த நாள்களை எண்ணி வருந்தும் பதிகமாகவே அமைந்தது. ஆழ்வாரைப் பற்றிக் குருபரம்பரை நூல்கள் கூறும் பிற செயல்களும் அவருடைய ஒப்பற்ற நிலைக்கே உரியன. பிறர்க்கு அநுஷ்டான விதி ஆகா. அவ்வரலாறு கள்ளப் பொருளுக்கு அநுமதிச் சீட்டு அன்று. கள்வனையும் கைவிடாத அருளுக்கே அது சான்று.

ஆளும் பொருளும்

ஆளை ஏற்பது வேறு, அவர் கைப்பொருளை ஏற்பது வேறு. இவ்வேறுபாட்டை விபீஷண சரணாகதி தெளிவுறுத்தும். பகைவன் தம்பி என்று சுக்ரீவன் தடுத்தும் இராமபிரான் அவனை ஏற்றான். விபீஷணன் இலங்கையின் செல்வத்தைக் காணிக்கையாகச் சுமந்து வந்தவன் அல்லன். மனைவி மக்களையும் உடைமைகளையும் விட்டு நான்கு துணைவரோடு வந்தவன். வெறுங்கையோடு வந்தவனுக்கு அபயம் கிடைத்தது. விருந்தோடு வந்த துரியோதனனுக்கு அது கிடைக்கவில்லை. ஆகவே எவர்க்கும் ஸந்நிதியின் கதவை அடைத்தல் கூடாது. ஆராய வேண்டியது பொருளையே.

குற்றம் உடையவர் கொடுத்ததைக் கோயில்கள் ஒருபோதும் ஏற்றதில்லை என்றும் கூற இயலாது. கைப்பிழையால் பிறர் உயிரைப் போக்கியவர் நந்தாவிளக்கு எரிக்க வேண்டும் என்று சபையார் தீர்ப்பளித்த செய்தி சோழர் காலக் கல்வெட்டுகள் சிலவற்றில் காணப்படும். ஒரு விளக்கிற்கு 96 ஆடுகள் விடுவது அக்கால வழக்கு. ஆனால் அக்கல்வெட்டில் கொடுத்தவர் பெயரோடு அவர் செய்த பிழையும் பொறிக்கப்பட்டது. கொடை குற்றத்தை ஒப்புக்கொண்டதேயன்றி மறைக்கவில்லை. பிழையை மறைத்துப் பெயரை மட்டும் பளிங்குக் கல்லில் பொறித்துக் கொள்வது அதற்கு நேர்மாறானது.

கேட்க வேண்டிய மூன்று

இவற்றிலிருந்து கைங்கர்யபரர்கள் தம்முள் கேட்டுக்கொள்ள வேண்டிய மூன்று வினாக்கள் கிடைக்கின்றன. ஒன்று: இப்பொருள் உண்மையில் யாருடையது? உரியவர் இன்னும் உயிரோடு வருந்திக் கொண்டிருப்பின், அது கொடுப்பவருடைய பொருளே அன்று. இரண்டு: இதனைப் பெற்றபின் அவருக்கு எதிராக நியாயம் பேச வாய் எழுமா? மூன்று: இது பிழைக்கு வருந்தும் கொடையா, பிழையை மறைக்கும் கொடையா?

இவ்வாராய்ச்சியில் விழிப்பும் வேண்டும். ஊர்ப்பேச்சு சான்றாகாது, பொறாமையும் வதந்தியாக உலவும். தொழிலைப் பார்த்தோ குலத்தைப் பார்த்தோ ஒருவரை இழிவுபடுத்தலாகாது. முடிவு செய்வோருள் அச்செல்வரிடம் கடன்பட்டவர் இருந்தால் அவர் ஒதுங்கி நிற்றல் முறை. தீர்மானத்தையும் காரணத்தையும் குறிப்பேட்டில் எழுதி வைத்தல் நலம்.

உண்டியலில் விழும் காசுக்கு இவ்வாராய்ச்சி இல்லையே எனின், அங்கே கொடுத்தவர் பெயர் இல்லை, மாலை மரியாதை இல்லை, கட்டுப்பாடும் இல்லை. அதன் பொறுப்பு கொடுத்தவருடைய மனச்சான்றைச் சார்ந்தது. ஆனால் தீய வழியில் வந்தது என்று தெரிந்த பொருளை, "கையில் வாங்க மாட்டோம், உண்டியலில் இடுக" என்று வழிகாட்டுவது மட்டும் தகாது. முன்வாசலில் தடுத்ததைப் பின்வாசலில் வாங்குவதற்கே அது ஒப்பாகும்.

இனி அவ்வூர்த் திருப்பணிக்கு வருவோம். பலரறிய அவமதிக்காமல், குழுவின் மூத்தவர் இருவர் அச்செல்வரின் இல்லம் சென்று, பணிவோடும் தெளிவோடும் காரணத்தைக் கூறுதல் தக்கது. "நிலப் பத்திரங்களை உரியவர்களிடம் திருப்பித் தாருங்கள், அதுவே முதல் திருப்பணி. அதன்பின் தாங்கள் ஏற்றும் ஓர் அகல்விளக்கும் இங்கே நிறைந்த கைங்கர்யமாகும். ஸேவிக்க எந்நாளும் வரலாம்" என்று சொல்லலாம். அவர் திருந்தவும் கூடும். சினந்து விலகவும் கூடும்.

விலகினால் இழப்பு மெய்யானதே. ஸம்ப்ரோக்ஷணம் தள்ளிப்போகும், சாரம் இன்னொரு மழையில் நனையும், ஸ்தபதியிடம் மீண்டும் தவணை கேட்க நேரும். எனினும் நிலமிழந்த குடியானவர் கோபுரத்தை நிமிர்ந்து நோக்கும்போது, அதில் தம் நிலத்தின் விலையைக் காணமாட்டார். திருக்கோயில் நிர்வாகப் பொறுப்பில் இருப்போரை அறங்காவலர் என்றே தமிழுலகம் அழைக்கிறது. பொருட்காவலர் என்று அழைக்கவில்லை. குசேலரின் ஒருபிடி அவலை விரும்பி அமுது செய்தவன் எம்பெருமான். இத்திருவிழாவில் ஸேவார்த்திகள் நேர்வழியில் ஈட்டி அன்போடு ஸமர்ப்பிக்கும் ஒரு ரூபாயும் அவன் திருவுள்ளத்தில் ஓர் அவற்பிடியே ஆகும்.

எம்பெருமான் திருவடிகளே சரணம்.