இறக்கத்தில் தெரியும் வண்டி

அன்புள்ள தம்பிக்கு,

கரடுமுரடான பாதைகளில் ஓட்டும் ஏ.டி.வி. வண்டிகளில் ஹோண்டா ரான்ச்சர் 420 வாங்குவதா, போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் 570 வாங்குவதா என்று கேட்டிருந்தாய். இரண்டின் விவரங்களையும் பக்கம் பக்கமாக எழுதி, எது கூடுதலோ அதன்மேல் மஞ்சள் தீற்றி அனுப்பியிருந்தாய். போலாரிஸ் பக்கம் முழுக்க மஞ்சள். எஞ்சின் பெரிது: 567 சிசி, 44 குதிரைத் திறன். ஹோண்டாவோ 420 சிசி; குதிரைத் திறனைத் தன் விளம்பரத்தில் போடுவதே இல்லை. பின்சக்கரம் ஏறி இறங்கும் அளவு போலாரிஸில் ஒன்பதரை அங்குலம், ஹோண்டாவில் ஆறே கால். இழுவைத் திறன், தரை இடைவெளி, பெட்ரோல் டேங்க் என்று எதை எடுத்தாலும் போலாரிஸ்தான் முன்னால் நிற்கிறது. அப்படியிருந்தும் உன்னோடு மலைக்கு வரும் அனுபவசாலிகளில் பாதிப் பேர் ஹோண்டாவையே சொல்கிறார்கள் என்று குழம்பியிருக்கிறாய்.

பட்டியலில் இல்லாத ஒரு வரிதான் அந்தக் குழப்பத்துக்குக் காரணம். அது எங்கிருந்து வந்தது என்று தெரிய, இரண்டு கம்பெனிகளின் பூர்வீகத்தைக் கொஞ்சம் கிளற வேண்டும்.

1960களின் கடைசியில் அமெரிக்காவில் ஹோண்டா மோட்டார் சைக்கிள் விற்ற கடைகளில் கோடை முழுக்கக் கூட்டம். பனிக்காலம் வந்தால் ஈ ஓட்டினார்கள். பனியிலும் விற்கிற மாதிரி ஏதாவது கொடுங்கள் என்று தலைமையைக் கேட்டார்கள். ஜப்பானில் ஒசாமு தகேயுச்சி என்ற பொறியாளர் பல உருவங்களைச் செய்து பார்த்து, கடைசியில் உப்பிய பலூன் டயர்கள் மூன்று வைத்த ஒரு வண்டியில் வந்து நின்றார். 1970-இல் அது யுஎஸ்90 என்ற பெயரில் 595 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. மறு ஆண்டு வெளியான ஜேம்ஸ் பாண்ட் படம் ‘டயமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்’-இல் ஷான் கானரி அதில் ஏறித் தப்பினார். அதற்கு ஸ்பிரிங் கிடையாது, ஷாக் அப்சார்பர் கிடையாது. டயருக்குள் இருந்த காற்றுதான் எல்லாமே.

போலாரிஸுக்கு நேரெதிர்த் தலைவலி. 1954-இல் மினசோட்டா மாநிலத்தின் வடகோடியில், கனடா எல்லையை ஒட்டிய ரோசோ என்ற சிற்றூரில் தொடங்கிய கம்பெனி அது. ஸ்னோமொபைல் என்கிற பனி வண்டிதான் அதன் உயிர். பனி உருகினால் வியாபாரமும் உருகிவிடும். கோடையில் விற்க ஒரு சரக்கு தேடித்தான் 1985-இல் ட்ரெயில் பாஸ் என்ற ஏ.டி.வி.யைக் கொண்டுவந்தார்கள். மோட்டார் சைக்கிள்காரர் பனிக்காலத்துக்காகச் செய்ததும், பனி வண்டிக்காரர் கோடைக்காகச் செய்ததும் ஒரே சந்தையில் வந்து மோதிக்கொண்டன. ஆனால் இருவரும் அவரவர் பிறந்த வீட்டுச் சீதனத்தைக் கையோடு கொண்டுவந்தார்கள். ஹோண்டா கொண்டுவந்தது பல்சக்கர கியர். போலாரிஸ் கொண்டுவந்தது பெல்ட்.

இந்தச் சீதனத்தில்தான் இருக்கிறது சூட்சுமம்.

பெல்ட் வண்டி உனக்குப் புதிதல்ல. ஊரில் ஆக்டிவாவும் ஸ்கூட்டியும் ஓடுவது பெல்ட்டில்தான். இரண்டு கப்பிகள், நடுவே ஒரு பெல்ட். வேகத்துக்கு ஏற்பக் கப்பிகள் விரிந்தும் சுருங்கியும் கியர் வேலையைத் தாமே பார்த்துக்கொள்ளும். ஆக்சிலரேட்டரைக் கொடுத்தால் போதும், போகும். சமவெளியில் இதைவிடச் சுகமான ஏற்பாடு இல்லை. ஆனால் கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஸ்கூட்டரில் இறங்கிப் பார்த்தவர்களைக் கேள். ஆக்சிலரேட்டரை விட்டு வேகம் குறைந்ததும் எஞ்சினின் பிடி விட்டுப்போகிறது. வண்டி தன் பாட்டுக்கு உருளத் தொடங்குகிறது. பிரேக்கை மட்டுமே நம்பி இறங்க வேண்டும். பக்கத்தில் கியர் பைக்கில் இறங்குபவர் இரண்டாவது கியரில் போட்டுவிட்டு நிம்மதியாக வருவார். எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரிலேயே இறங்கு என்று மலைப்பாதை லாரி டிரைவர்கள் புது டிரைவருக்குச் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

பனி வண்டிக்கு இது ஒரு குறையாகவே இருந்ததில்லை. ஆக்சிலரேட்டரை விட்டால் பனியே அதைப் பிடித்து நிறுத்திவிடும். அதே பெல்ட் ஈரக் களிமண் சரிவுக்கு வந்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. அதைச் சமாளிக்க, இறக்கத்திலும் எஞ்சின் பிடியை விடாமல் வைத்திருக்கும் தனி அமைப்பைப் போலாரிஸ் பிற்பாடு சேர்த்தது. மாடலுக்கு மாடல், ஆண்டுக்கு ஆண்டு அது மாறும். பழைய வண்டி பார்க்கப் போனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது. ஹோண்டா ரான்ச்சரின் அடிப்படை மாடலில் கையில் கிளட்ச் பிடிக்க வேண்டியதில்லை. காலால் கியர் மாற்றினால் போதும். முதல் கியரில் போட்டு, ஆக்சிலரேட்டரை அழுத்தும் கட்டைவிரலை எடுத்துவிட்டால், எருமை படியிறங்குவது போல நிதானமாக இறங்கும்.

நீ ஓட்டப்போகும் இடத்தை இப்போது நினைத்துப் பார். நீ இருக்கும் சார்லட்டிலிருந்து வடக்கே ஏறினால் மேற்கு வர்ஜீனியாவின் தென்பகுதி வருகிறது. ஹாட்ஃபீல்டு, மெக்காய் என்ற இரண்டு குடும்பங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தலைமுறைப் பகை வளர்த்த மலைகள் அவை. ஒரு பன்றி யாருடையது என்று 1878-இல் நடந்த வழக்கும் அந்தப் பகையில் ஒரு கண்ணி. பிறகு நிலக்கரிக் கம்பெனிகள் வந்தன. சுரங்க வேலை குறைந்த ஊர்களைத் தூக்கி நிறுத்த, மாநில அரசு 1996-இல் ஓர் ஆணையம் அமைத்து, நிலக்கரி, மரக் கம்பெனிகளின் நிலங்கள் வழியாகப் பாதைகள் போட்டது. 2000-இல் திறந்த ஹாட்ஃபீல்டு-மெக்காய் பாதைகள் இன்று ஆயிரம் மைலைத் தாண்டிவிட்டன. கில்பர்ட், மேட்வான் மாதிரிச் சிற்றூர்களில் ஏ.டி.வி.யிலேயே ஊருக்குள் வந்து பெட்ரோல் போட்டு, சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம்.

அந்தப் பாதைகளில் பச்சை எளிது, நீலம் நடுத்தரம், கறுப்பு கடினம். நிலமோ அப்பலாச்சியன் களிமண். மழை பெய்து முந்தைய வண்டிகள் உழுதுவிட்டுப் போன சரிவில் ஏறுவதற்கு யாரும் பயப்படுவதில்லை. ஏற முடியாவிட்டால் நின்றுவிடும், அவ்வளவுதான். இறங்கும்போது பிரேக்கை அழுத்தினால் சக்கரம் நின்று வண்டி சறுக்கும், விட்டால் ஓடும். பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டுக்கும் நடுவே போக வேண்டியிருப்பது அங்கேதான். ஹோண்டாவைச் சொன்ன அனுபவசாலிகள் மனதில் இருந்ததும் அந்தச் சரிவாகத்தான் இருக்கும்.

போலாரிஸுக்குச் சேர வேண்டிய நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். 1996-இல் வந்த ஸ்போர்ட்ஸ்மேன் 500 முதல் இந்த வரிசையின் பெருமையே பின்சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்குவதுதான். ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் மற்றது தரையிலேயே இருக்கும். வண்டியின் வயிறு தரையிலிருந்து பதினொரு அங்குல உயரத்தில் இருப்பதால், பள்ளம் விழுந்த தடத்திலும் முண்டு முண்டான பாறையிலும் இடிக்காமல் கடந்துவிடும். ரான்ச்சரின் சாதாரண மாடலில் பின்பக்கம் ஒரே இரும்பு அச்சு; அதில் தொங்கும் கியர்ப் பெட்டிதான் முதலில் தட்டும். ஒரு நாளில் அறுபது மைல் ஓட்டிவிட்டு இறங்கும்போது எந்த வண்டியில் வந்தோம் என்று இடுப்பே சொல்லிவிடும். ஆனால் அந்த ஒரே அச்சுக்கும் ஒரு நன்மை உண்டு: மலைச்சரிவின் குறுக்கே போகும்போது வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து குழையாது.

அடுத்தது எடை. பட்டியலில் இதற்கு நீ மஞ்சள் பூசவே இல்லை. நான்கு சக்கரமும் இழுக்கும் ரான்ச்சர், பெட்ரோல் நிரப்பி, சுமார் 265 கிலோ. ஸ்போர்ட்ஸ்மேன் பெட்ரோல் ஊற்றும் முன்பே ஏறக்குறைய 325 கிலோ. இந்த வண்டிகளில் உட்கார்ந்து ஓட்டுவது பாதி, உடம்பை நகர்த்தி ஓட்டுவது மீதி. ஏற்றத்தில் முன்னால் சாய வேண்டும், இறக்கத்தில் பின்னால் தள்ளி உட்கார வேண்டும், குறுக்குச் சரிவில் மேட்டுப் பக்கம் ஒதுங்க வேண்டும். அறுபத்தைந்து கிலோ ஆள் நகர்ந்தால் 265 கிலோ வண்டி அதை உணரும். பெட்ரோலும் சாமானும் ஏற்றி 350 கிலோவைத் தொட்ட வண்டி அவ்வளவு உணராது. பள்ளத்தில் ஒருக்களித்து விழுந்துவிட்டாலோ, கூட ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு அதை நிமிர்த்த வேண்டும்.

இப்படி உடம்பையும் எடையையும் பற்றிப் பேசுவது வீண் பயத்தால் அல்ல. மூன்று சக்கர வண்டிகள் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் விளையாட்டுச் சாமான் மாதிரி விற்றன. பலூன் டயரைப் பார்த்தவர்களுக்கு அது கவிழும் என்றே தோன்றவில்லை. சுசுகி 1982-இல் நான்கு சக்கர வண்டியைக் கொண்டுவந்தும் மூன்று சக்கரம் ஓய்வதாக இல்லை. விபத்துகள் பெருகி, அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் நீதிமன்றம் போனது. 1988-இல் ஹோண்டா, யமஹா, சுசுகி, கவாசாகி, போலாரிஸ் ஐந்தும் கையெழுத்திட்டன: புதிய மூன்று சக்கர வண்டி விற்பதில்லை, வாங்குபவருக்குப் பயிற்சி கொடுப்பது, பதினாறு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பெரிய வண்டி இல்லை. நீ இன்று எடை போட்டுக்கொண்டிருக்கும் இரண்டு கம்பெனிகளின் பெயரும் அந்தக் காகிதத்தில் இருக்கிறது. சக்கரம் நான்கான பிறகும் இத்தகைய வண்டிகளில் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கானோர் அமெரிக்காவில் இறக்கிறார்கள்.

பராமரிப்பில் பெரிய சண்டை இல்லை. இரண்டிலும் செயின் கிடையாது, ஷாஃப்ட்தான். பெல்ட் தேயும், ஆழத் தண்ணீரில் நனைந்தால் வழுக்கும், உலர்த்திவிட்டுத்தான் கிளம்ப முடியும். போலாரிஸ் வைத்திருக்கும் பழம் ஆட்கள் பையில் ஒரு மாற்று பெல்ட் கிடக்கும். அகலத்தைப் பற்றியும் கேட்டிருந்தாய். அமெரிக்க வனத்துறைப் பாதைகள் பலவற்றில் ஐம்பது அங்குலத்துக்கு மேல் அகலமான வண்டிக்கு அனுமதி இல்லை. ரான்ச்சர் நாற்பத்தேழரை, ஸ்போர்ட்ஸ்மேன் நாற்பத்தெட்டு. இரண்டுமே நுழையும்.

ஆக, உனக்கு ரான்ச்சர். காலால் கியர் மாற்றும் மாடல், பவர் ஸ்டீயரிங்கோடு. முதல் இரண்டு ஆண்டு பச்சையிலும் நீலத்திலும், பெரும்பாலும் இரண்டு மூன்று பேரோடு ஓட்டப்போகிறவருக்கு அந்த 44 குதிரைகள் தேவைப்படும் இடம் குறைவு. எஞ்சின் பிடி தேவைப்படும் இடம் ஒவ்வொரு மைலிலும் இருக்கிறது. உன் நண்பர் யாராவது கேட்டால் கதை வேறு. தொண்ணூறு கிலோ உடம்பு, முதுகு வலி, கூடாரமும் சாமானும் கட்டிக்கொண்டு நாள் முழுக்க ஓட்டும் ஆசை என்றால் அவர் ஸ்போர்ட்ஸ்மேன் வாங்குவதுதான் சரி. இறக்கத்தில் எஞ்சின் பிடியை விடாத அந்த அமைப்பு, அதாவது எஞ்சின் பிரேக்கிங், இருக்கிறதா என்று பார்த்து வாங்கட்டும்.

பணம் கட்டும் முன் மூன்று வேலை. 1988-இல் தொடங்கிய ஏ.டி.வி. பாதுகாப்பு நிறுவனம் நடத்தும் பயிற்சியில் ஒருமுறை போய் உட்கார். முதல் செலவு ஹெல்மெட்டாக இருக்கட்டும். ஹாட்ஃபீல்டு-மெக்காயில் அது இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். ஒருவர் ஓட்டும் வண்டியில் பின்னால் ஆள் ஏற்றவும் விடமாட்டார்கள். மூன்றாவது, குறைந்த அழுத்தம் காட்டும் காற்றுமானி. காருக்கு முப்பது பிஎஸ்ஐக்கு மேல் காற்று அடிப்போம். இவற்றுக்கு நாலிலிருந்து ஏழுக்குள்தான். கார் மானியில் அந்த முள் அசையக்கூட அசையாது. இவ்வளவு மெத்தென்ற டயரும் ஒரே அச்சும் சேர்ந்தால் தார்ச்சாலையில் வளைவு பிடித்து இழுக்கும். அதனால் அனுமதித்த சாலையானாலும் மெதுவாகவே போ.

அதற்கும் முன்னால் ஒரு சனிக்கிழமையை ஒதுக்கு. இரண்டு மாடலையும் வாடகைக்கோ நண்பர்களிடமிருந்தோ வாங்கி, ஒரே நீலப் பாதையின் ஒரே சரிவை இரண்டிலும் இறங்கிப் பார். முந்தைய நாள் மழை பெய்திருந்தால் இன்னும் நல்லது. கட்டைவிரலை எடுத்ததும் எந்த வண்டி என்ன செய்தது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணன்